முதல் சூடு

இணையத்தில் என் பெயரைத் தேடினால் என் முகத்துக்கு முன்னால் ஓர் எண் வந்து நிற்கும். பதினான்கு. நான் எழுதியவற்றில் பதினான்கு கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது பதினான்கு பேர், தங்கள் கட்டுரைகளில் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். இருபத்திரண்டு வருட உழைப்பை இப்படி ஒற்றை எண்ணாகச் சுருக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவரை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடமாட்டேன். ஆனாலும் தினமும் காலையில் காபி டம்ளரும் கையுமாக நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பொய் சொல்வானேன்.

நான் சூர்யகலா. போடியில் ஒரு கல்லூரியில் பொருளறிவியல் இணைப் பேராசிரியர். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, களிமண் ஏன் வெடிக்கிறது, பூச்சு ஏன் உரிகிறது என்று பார்ப்பது என் வேலை. எங்கள் துறைத்தலைவர் அருள்பாண்டியின் எண் பத்தொன்பது. வராந்தாவில் எதிரே வந்தால் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, எண் ஏறியிருக்கிறதா மேடம் என்று கேட்பார். ஏலக்காய் ஏல மையத்து வாசலில் நின்று காய் விலையை விசாரிப்பவர் போலக் கேட்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பேன்.

என்னுடைய முப்பத்தொரு கட்டுரைகளில் ஒன்றை மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எடுத்துக்காட்டியிருந்தார்கள். மற்ற முப்பதையும் ஒன்றாகக் கட்டித் தராசில் போட்டாலும் அதற்கு ஈடாகாது. அந்தக் கட்டுரை ஏலக்காய் ஸ்டோரின் புகைக்குழாயைப் பற்றியது.

மலையில் பறித்த பச்சைக் காயைக் காயவைக்கும் கட்டடத்தை ஸ்டோர் என்போம். வெளிப்பக்கம் அடுப்பு, உள்ளே தரையோடு ஓடும் இரும்புத் தகட்டுக் குழாய், அதற்கு மேல் அடுக்கடுக்காகத் தட்டுகள். விறகுப் புகை குழாய்க்குள்ளேயே ஓடி, அறையைச் சூடாக்கிவிட்டு, கூரை வழியே போய்விட வேண்டும். காயைத் தொடக் கூடாது. தொட்டால் பச்சை நிறம் போய்விடும், புகை வாடை ஏறிவிடும், வியாபாரி கையில் எடுத்து மோந்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுவார். ஆனால் அந்தப் புகையில் இருக்கும் அமிலமும் ஈரமும் குழாயை உள்ளேயிருந்து அரித்து, இரண்டு பருவத்தில் ஓட்டை போட்டுவிடும்.

அதற்கு நான் ஒரு பூச்சு கண்டுபிடித்தேன். ஸ்டோர் அடுப்புச் சாம்பல், கொட்டகுடி ஆற்றுக் களிமண், சோப்பு செய்கிறவர்கள் வாங்கும் சோடியம் சிலிகேட் பசை. மூன்றையும் குழைத்துக் குழாயின் உட்புறம் பூசினால் போதும். குரங்கணிக்கு மேலே ஒரு ஸ்டோரில், பூசிய தகடுகளைக் குழாய்க்குள் தொங்கவிட்டு மூன்று பருவம் பார்த்தோம். உரியவில்லை, துருப்பிடிக்கவில்லை. செங்கல் சூளை வைத்திருப்பவர்கள், கொதிகலன் செய்கிறவர்கள், விறகடுப்பை ஆராய்கிறவர்கள் என்று எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற முத்துப்பிரியாவின் ஆய்வேடு முழுக்க அந்தப் பூச்சின் மேல்தான் நின்றது. தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த பெண். அவள் அம்மா ஆயம்மாள் இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார். ஐந்து வருடமாகத் தகடு தகடாகப் பூசி, சுட்டு, சுரண்டி, எடைபோட்டு வந்தாள். எதையும் விடாமல் நோட்டில் எழுதுவாள். அன்றைக்கு மழை பெய்ததா, ஜீப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பது வரைக்கும் எழுதுவாள்.

மே மாதம் பத்தாம் தேதி, அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. நார்வே நாட்டில் இங்கிரிட் என்ற ஆராய்ச்சியாளர் நான் எழுதியபடியே, ஒரு வரி பிசகாமல், பதினெட்டுத் தகடுகளில் அந்தப் பூச்சைப் பூசிப் பார்த்திருக்கிறார். ஒன்பதே நாளில் பதினெட்டும் உரிந்துவிட்டன. படங்களும் வைத்திருந்தார். தொண்ணூறு நாளுக்குள் நான் தக்க விளக்கம் தராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவோம் என்று இதழாசிரியர் எழுதியிருந்தார்.

திரும்பப் பெறுவது என்றால் எங்கள் உலகத்தில் ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பது மாதிரி. கட்டுரை இணையத்தில் அப்படியே இருக்கும், அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் முத்திரை விழுந்திருக்கும். படிக்கிறவர்கள் எல்லாம் இவள் பொய் எழுதினாளா, முட்டாள்தனமாக எழுதினாளா என்று யோசிப்பார்கள். முத்துப்பிரியாவின் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் தொடக்கூட மாட்டாது.

எனக்கு முதலில் வந்தது கோபம். நார்வேயில் எந்த அடுப்பில் சுட்டார்களோ என்று கத்தினேன். அப்புறம் எங்கள் ஆய்வகத்திலேயே செய்து பார்த்தோம். அதே சாம்பல், அதே களிமண், அதே பசை. ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, மின்உலையில் ஸ்டோர்க் குழாயின் வெப்பநிலையான முந்நூறு டிகிரியில் வைத்தோம். பதினோராம் நாள் உரிந்தது. மறுபடி செய்தோம். எட்டாம் நாள் உரிந்தது. மூன்றாவது முறை நானே என் கையால் குழைத்துப் பூசினேன். பத்தாம் நாள் காலையில் உலையைத் திறந்தால் பூச்சு பொரித்த அப்பளம் மாதிரி எழும்பி நின்றது.

அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. முத்துப்பிரியாவைக் கூப்பிட்டு, அந்த மூன்று பருவமும் என்னத்தைக் கலந்தாய் என்று கேட்டேன். நோட்டில் எண்களைத் திருத்தினாயா என்று கேட்டேன். ஆய்வக உதவியாளர் அமாவாசை வாசலில் நிற்கிறார் என்பதைக்கூடப் பார்க்காமல் கேட்டேன். மறுநாள் காலையில் என் மேசையில் ஆறு நோட்டுகள் அடுக்கியிருந்தன. அவள் வரவில்லை. எனக்கு வீம்பு. நோட்டுகளைத் தொடவில்லை. அவற்றின் மேலேயே தேர்வுத் தாள்களை வைத்துத் திருத்தினேன்.

அருள்பாண்டி என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சிரிக்கவில்லை, எண்ணைப் பற்றியும் கேட்கவில்லை.

"நாமளே திருப்பி வாங்கிக்கிட்டா மரியாதையாப் போயிரும் மேடம். அவங்க எடுத்தாத்தான் அசிங்கம்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதனால் இன்னும் எரிந்தது. ஒரு தடவை மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பூச்சுப் பூசிய இருபத்துநான்கு புதுத் தகடுகளைப் பையில் போட்டுக்கொண்டு குரங்கணிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மேலே ஜீப்பு. கெடு முடிய இருபத்தெட்டு நாள் இருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜீப்பு ஒவ்வொரு வளைவிலும் வழுக்கியபோது டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பயப்படவில்லை, எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அந்த ஸ்டோரின் அடுப்பைப் பார்த்துக்கொள்வது பாண்டியம்மாள். நானும் அவளும் சிலமலையில் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. கணக்கில் அவள்தான் முதல், நான் இரண்டாவது. அவளுக்கு மலையில் கல்யாணம் ஆனது, நான் படிக்கப் போனேன். புருஷனுக்கு முதுகில் அடிபட்ட பிறகு பன்னிரண்டு வருடமாக ஸ்டோர் அவள் கையில்தான் இருக்கிறது. அறைக்குள் கால் வைத்ததுமே காய் எத்தனை மணிநேரம் காய்ந்திருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். என் தகடுகளை மூன்று பருவமும் குழாய்க்குள் தொங்கவிட்டு எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

நான் போனபோது அவள் குழாயின் கரி வாரும் கதவைத் திறந்துவைத்திருந்தாள். உள்ளே பன்னிரண்டு தகடுகளுக்குத்தான் இடம் இருந்தது. அவற்றைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டோம். மீதி பன்னிரண்டு பையிலேயே இருந்தன. குழாயில் வெப்பமானியின் கம்பியை மாட்டினேன். பாண்டியம்மாள் அடுப்புக்கு முன்னால் சூடம் காட்டி, போன பருவத்துக் காய் ஒரு கைப்பிடியைப் போட்டு, தீயைப் பற்றவைத்தாள். பருவத்தின் முதல் தீ. அதை முதல் சூடு என்பார்கள். சின்ன வயதில் என் அம்மா இங்கே காய் பறிக்க வரும்போது இந்த நாளுக்கு என்னையும் கூட்டிவருவார். சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும். எனக்கு முதல் சூடு என்றால் பொங்கல் தின்னும் நாள், அவ்வளவுதான்.

தீ பிடித்ததும் அவள் புகைபோக்கியின் மூடியை முக்கால்வாசி அடைத்தாள். அரைகுறையாய்க் காய்ந்த தடித்த கட்டை ஒன்றை மட்டும் உள்ளே தள்ளினாள். கனல் தெரிந்ததே தவிரச் சுவாலை எழவில்லை. வெப்பமானி எழுபத்திரண்டு காட்டியது. ஒரு மணிநேரம் கழித்தும் எழுபத்திரண்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கே முந்நூறுக்கு ஏற்றினால்தானே எப்போது உரிகிறது என்று பார்க்க முடியும்? இன்னொரு கட்டையைப் போடச் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொங்கல் பானையைப் பார்க்க அவள் திரும்பிய நேரம், சுவரில் சாய்த்திருந்த ஊதுகுழலை எடுத்து அடுப்பு வாயில் வைத்துக் குனிந்தேன். ஒரு மூச்சுகூட ஊதியிருக்கமாட்டேன். என் மணிக்கட்டை இரும்புப் பிடியாகப் பிடித்துவிட்டாள்.

"ஊதாத. கையை எடுடி."

"எனக்கு நாளு இல்ல பாண்டி. வெரசா முடிக்கணும்."

"ஒனக்கு நாளு இல்லைன்னா தீ என்ன செய்யும்? இன்னைக்கு முதச் சூடு. நாளைக்கு இந்நேரம் வரைக்கும் இது இப்பிடித்தான் கெடக்கும். ஊதக் கூடாது, கிண்டக் கூடாது, ரெண்டாவது கட்டை போடக் கூடாது. அவசரம்னா நீ கீழ போயிட்டு நாளைக்கு வா."

ஒரு வாழையிலைத் துண்டில் பொங்கலை வைத்து என் கையில் திணித்தாள். அடி வாங்கிய பிள்ளை மாதிரி ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து தின்றேன். தின்றுகொண்டே வெப்பமானியை முறைத்தேன். எழுபத்து நான்கு. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. எத்தனை பருவமாக இப்படி என்று கேட்டேன். மாமியார் காலத்திலிருந்தே இப்படித்தான் என்றாள். என் தகடுகள் தொங்கிய மூன்று பருவமும் முதல் சூடு இப்படியே நடந்ததா என்று கேட்டேன். நடக்காமல் எப்படி ஸ்டோர் தொடங்கும் என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பொங்கல் இலையைக் கீழே வைத்தேன்.

பருவம் தொடங்கிவிட்டால் கரி வாரும் நாளைத் தவிரக் குழாயைத் திறக்க விடமாட்டார்கள் என்பதால் எங்கள் தகடுகளை எப்போதும் முதல் சூட்டுக்கு முன்பே மாட்டிவிடுவோம். அதாவது, உரியாமல் நின்ற ஒவ்வொரு தகடும் ஒரு முழு நாள் எழுபது டிகிரியில், அடைபட்ட புகைக்குள் கிடந்திருக்கிறது. அந்தப் பசையில் பாதிக்கு மேல் தண்ணீர். நிழலில் உலர்த்தினாலும் முழுக்கப் போகாது. திடீரென்று முந்நூறில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்துப் பூச்சைக் கொப்பளமாகத் தூக்கிவிடும். எழுபதில் ஒரு நாள் கிடந்தால் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். போதாததற்கு, அடைபட்ட புகையில் இருக்கும் கரியமில வாயு அந்தப் பசையைக் கல்லாக இறுக்கும். வார்ப்படப் பட்டறைகளில் மணல் அச்சை இறுக்க இதே பசையையும் இதே வாயுவையும்தான் பயன்படுத்துகிறார்கள். இதை நான் வருடா வருடம் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். தப்பாக எழுதியவனுக்கு மதிப்பெண் குறைக்கிறேன்.

கட்டுரையில் என்ன எழுதினேன்? தகடுகள் குழாயில் பொருத்தப்பட்டன, அதன்பின் அடுப்பு வழக்கம்போல் மூட்டப்பட்டது என்று எழுதினேன். வழக்கம்போல். எங்கள் வழக்கம் நார்வேக்காரிக்கு எப்படித் தெரியும்?

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பையிலிருந்த பன்னிரண்டு தகடுகளை எடுத்துக் காட்டி, நாளை முதல் சூடு முடிந்து பெரிய தீ போடுவதற்கு முன் இவற்றையும் உள்ளே மாட்ட வேண்டும் என்று பாண்டியம்மாளிடம் கேட்டேன். நாளைக்கு அந்தக் கதவைத் திறந்து எது வேண்டுமானாலும் செய்துகொள் என்றாள். அன்றைக்கு அங்கேயே தங்கி, சனிக்கிழமை மதியம் மீதித் தகடுகளையும் நெருக்கி மாட்டினேன். முன்னவற்றுக்குச் சிவப்புக் கம்பி, பின்னவற்றுக்கு வெள்ளைக் கம்பி. அவள் கட்டைகளை அள்ளிப் போட்டு மூடியைத் திறந்ததும் தீ எழுந்து நின்றது. இருபது நாள் கழித்துக் கரி வாரக் கதவைத் திறப்பார்கள். அதுவரை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர.

போடிக்கு வந்ததும் கல்லூரிக்குப் போய், தேர்வுத் தாள்களுக்கு அடியிலிருந்த ஆறு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு, முத்துப்பிரியா வாடகைக்கு இருந்த அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நானாகவே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். தப்பு என் பேரில்தான், உன்னைக் கேட்கக் கூடாததைக் கேட்டேன், மன்னித்துவிடு என்றேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லாததால் திட்டுவது போலத்தான் சொன்னேன். பிறகு முதல் சூட்டைப் பற்றிச் சொன்னேன்.

அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"நோட்டைப் படிக்கலையா மேடம்?"

நாலாம் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். முதல் சூடு, காலை பத்து மணி. மூடி முக்கால் அடைப்பு. ஒரு கட்டை. பதினோரு மணிக்கு எழுபத்திரண்டு, ஒரு மணிக்கு எழுபத்து மூன்று, மூன்று மணிக்கு எழுபத்தொன்று. இடையே மழை. பொங்கல் நன்றாக இருந்தது. அடுத்த இரண்டு பருவத்துக்கும் இதே மாதிரி இரண்டு பக்கங்கள். அந்த நோட்டின் கடைசியில், கட்டுரைக்காக அவள் எழுதிய முதல் வரைவு ஒட்டியிருந்தது. செய்முறைப் பகுதியில் முதல் சூட்டைப் பற்றி ஐந்து வரி இருந்தது. அந்த ஐந்து வரியின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் என் கையெழுத்து: பொங்கல் வைத்த கதையெல்லாம் வேண்டாம். வழக்கம்போல் மூட்டப்பட்டது என்று போடு.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை அதிகமாக இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

திங்கட்கிழமை அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். பழைய எண்ணெய் டின் ஒன்றை அமாவாசை கொண்டுவந்து கொடுக்க, அடியில் கரிக் கனலும் மேலே தகடுகளும் வைத்து, மூடி முக்கால் அடைத்து, ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு முதல் சூடு நடத்தினாள். துறை முழுக்கப் புகை. அருள்பாண்டி மூக்கில் கைக்குட்டையோடு ஓடிவந்து, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லவா என்று கேட்டார். ஜன்னலைத் திறந்தால் போதும் சார் என்றேன்.

ஆகஸ்டு முதல் தேதி பாண்டியம்மாள் கரிக் கதவைத் திறந்தாள். நானும் முத்துப்பிரியாவும் பக்கத்தில் நின்றோம். முதலில் வெள்ளைக் கம்பித் தகடுகள் வந்தன. முதல் சூடு காணாதவை. பன்னிரண்டும் பொரிந்து உரிந்து, அடியில் செந்துருவைக் காட்டின. அடுத்து சிவப்புக் கம்பி. கரியைத் துணியால் துடைத்தோம். பன்னிரண்டும் முழுசாக இருந்தன. முத்துப்பிரியா ஓர் ஆணியால் சுரண்டினாள். ஆணிதான் மழுங்கியது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் கரிக் கையோடு பாண்டியம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். சேலை போச்சே என்று அவள் வைதாள்.

இன்னும் ஏழு நாள் இருந்தது. ஐந்து நாளில் விளக்கத்தை எழுதி முடித்தோம். என் தவறு இது என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். மூன்று பருவத்து நோட்டுப் பக்கங்களையும், இரண்டு நிறக் கம்பித் தகடுகளின் படங்களையும், ஆய்வக டின்னில் கிடந்து, பிறகு மின்உலையிலும் தேறிய தகடுகளின் கணக்கையும் சேர்த்தோம். ஆசிரியர் பெயர்களில் முதலில் முத்துப்பிரியா, இரண்டாவது பாண்டியம்மாள், கடைசியில் நான். பாண்டியம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, என் பேரைப் போட்டால் போலீசு கீலீசு வருமா என்று கேட்டாள். வராது என்றதும், அப்படியானால் போட்டுக்கோ என்றாள். அவள் எந்த நிறுவனம் என்று இதழ் கேட்டது. ஏலக்காய் ஸ்டோர், குரங்கணி மலை என்று எழுதினேன். அப்படி ஒரு நிறுவனம் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதினேன். மூன்று கடிதம் போய், மூன்று கடிதம் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

கெடுவைத் தள்ளிவைத்தார்கள். இங்கிரிட் மறுபடி செய்து பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவானது. அந்த மூன்றரை மாதம் நான் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. பயம்தான்.

நவம்பர் கடைசியில், மூணாறு பக்கம் மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில் பதில் வந்தது. அவர்கள் ஊர் மரத்தின் கனலை ஓர் இரும்புப் பீப்பாயில் போட்டு, ஒரு நாள் முழுக்க ஊதாமல் கிண்டாமல் காத்திருந்தாராம். பதினெட்டுத் தகடு. நூறு நாள். ஒன்றுகூட உரியவில்லை. என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன், கட்டுரை நிற்கிறது என்று எழுதியிருந்தார். இந்தச் செய்முறைக்கு எங்கள் மொழியில் சொல் இல்லை, உங்கள் சொல்லையே என் அடுத்த கட்டுரையில் பயன்படுத்திக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார். நான் வகுப்பில் இருந்தேன். அறுபது பிள்ளைகள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸ் தூசி என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

பங்குனி மாதத்துக்குள் பழைய கட்டுரையை எடுத்துக்காட்டியவர்கள் முந்நூற்று நாற்பதைத் தாண்டினார்கள். புது விளக்கத்தையும் பத்தொன்பது பேர் எடுத்துக்காட்டியிருந்தார்கள். நாலு நாட்டுக் கட்டுரைகளில் முதல் சூடு என்ற சொல் ஆங்கில எழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. என் எண் பதினைந்து ஆனது. வராந்தாவில் அருள்பாண்டி நிறுத்தினார். இம்முறை என் எண்ணைக் கேட்கவில்லை. யார் மேடம் இந்தப் பாண்டியம்மாள், எந்தப் பல்கலைக்கழகம், ஒரே கட்டுரையை இத்தனை பேர் எடுத்துக்காட்டியிருக்கிறார்களே என்று கேட்டார். நாளைக்கு வருவாள், நேரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு வருடத்துக்குப் போதுமான சந்தோஷம் எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

மறுநாள் முத்துப்பிரியாவின் வாய்மொழித் தேர்வு. அதை எல்லோர் முன்னாலும் வைத்துத்தான் நடத்த வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. வழக்கமாக யாரும் கேட்பதில்லை. சமோசாவுக்காகக் காத்திருப்பார்கள். அன்றைக்குக் கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. திரையில் நார்வேயிலிருந்து இங்கிரிட். முன்வரிசையில் ஆயம்மாள் எஸ்டேட்டில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து கைகட்டி உட்கார்ந்திருந்தார். பருவம் முடிந்து ஸ்டோர் ஆறிக் கிடந்ததால் பாண்டியம்மாள் காலைப் பஸ்சிலேயே வந்து கடைசி வரிசையில் இருந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

முத்துப்பிரியா ஐம்பது நிமிடம் பேசினாள். சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் கடுமையான ஆள், பதினான்கு கேள்வி கேட்டார். பதினான்குக்கும் அவள் பதில் சொன்னாள். பிறகு அவர் சடங்குக்காக அறையைப் பார்த்து, வேறு யாராவது கேட்க விரும்புகிறீர்களா என்றார். சமோசா பக்கம் தலைகள் திரும்பின.

பாண்டியம்மாள் எழுந்து நின்றாள்.

"முதச் சூட்டுல யாராச்சும் ஊதிட்டா என்ன ஆகும்?"

தலைகள் கடைசி வரிசைக்குத் திரும்பின. அந்தக் கேள்வியை நாங்கள் ஆய்வேட்டில் எடுத்துக்கொள்ளவேயில்லை. முத்துப்பிரியா தேர்வாளரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகக் கடைசி வரிசையைப் பார்த்து, பாண்டியம்மாள் பேசுகிற தமிழிலேயே பதில் சொன்னாள்.

"காத்து உள்ள போனா தீ எந்திரிச்சுரும் அக்கா. சூடு நூறைத் தாண்டும். பூச்சுக்குள்ள இருக்குற தண்ணி கொதிச்சுத் தூக்கிவிட்டுரும். அடைஞ்ச புகையும் கலஞ்சு போகும், பூச்சு இறுகாது."

"சும்மா சொல்றியா, ஊதிப் பாத்தியா?"

"பாத்தேன். பன்னெண்டு தகட்டுல. பன்னெண்டும் பொரிஞ்சு போச்சு."

எனக்கே அது தெரியாது. என்னிடம் சொல்லாமல் அந்த எண்ணெய் டின்னில் எப்போதோ செய்து பார்த்திருக்கிறாள். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேர்வாளர் முன்னால் வைத்தாள். தேதி, மணி, வெப்பம், பன்னிரண்டு படம். அன்றைக்கு மழை இல்லை என்றும் எழுதியிருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். திரையில் இங்கிரிட் என்ன நடந்தது என்று புரியாமலேயே கைதட்டத் தொடங்கினார்.

பாண்டியம்மாள் இன்னும் உட்காரவில்லை. தேர்வாளரைப் பார்த்துச் சொன்னாள்.

"சரியாத்தான் சொல்லுது புள்ள. குடுத்துருங்க."

தேர்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.